ஈராக்கில் செக்யூரிட்டி வேலையா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் அபார்ட்மென்ட் கேட்டில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்க்கிற நம் மலையகத் தம்பிமாருக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் விளம்பரம் இது: ஈராக், சோமாலியா, இல்லாவிட்டால் ரஷ்யா, சம்பளம் டொலரில், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், அனுபவம் தேவையில்லை. அந்தக் கடைசி வரியில்தான் சிக்கலே.

ஒழுங்கான கம்பெனி ஆயுதக் காவலுக்குப் பெரும்பாலும் இராணுவத்திலோ பொலிஸிலோ இருந்தவர்களைத்தான் எடுக்கும். சேவையிலிருந்து முறையாக விலகிய கடிதம், ஆயுதப் பயிற்சிச் சான்று, மெடிக்கல், பொலிஸ் அறிக்கை எல்லாம் கேட்கும். இவை எதுவும் கேட்காமல், லயத்திலிருந்து கொழும்பு கேட்டுக்கு வந்தவருக்கு நேராகத் துப்பாக்கி தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு வேண்டியது காவலாளி இல்லை, தலைக்கணக்கு. 2024-ல் ரஷ்யா–உக்ரைன் போருக்கு நம் நாட்டு ஓய்வுபெற்ற படையினரை முகாம் வேலை, சண்டையில்லாத வேலை என்று சொல்லி அழைத்துப்போய் முன்னரங்கில் நிறுத்திய கதை வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி. இராணுவப் பின்னணி இல்லாதவர் முகாமில் சமையல், லாண்டரி, ஆயுதமில்லாத கேட் வேலை என்று கேட்பதுதான் சரி. அதற்கும் கீழே சொல்லும் எல்லாமே பொருந்தும்.

ஏஜென்சியைப் பார்ப்பது சுலபம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தது, லைசென்ஸ் கொடுப்பது அவர்கள்தான். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இன்னும் செல்லுமா, இந்த நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறதா? இரண்டாவது கேள்வியை நம் ஆட்கள் கேட்பதே இல்லை. டவுனில் டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளும் சப் ஏஜென்டுக்கு லைசென்ஸ் எங்கே இருக்கப்போகிறது? அக்காவின் தாலிக்கொடியை அடகு வைத்து அவன் கையில் ரசீதில்லாமல் பணம் கொடுத்தால் பிறகு எந்த பொலிஸ் நிலையத்துக்குப் போயும் நிரூபிப்பது கஷ்டம்.

அப்புறம், ஒப்பந்தத்தில் இருக்கும் நாட்டின் பெயர். டுபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து "கம்பெனியே கூட்டிப்போகும்" என்றால் போகாதீர்கள். 2004-ல் நேபாளத் தொழிலாளர்கள் 12 பேர் ஜோர்தான் வழியாக ஈராக்குக்கு அனுப்பப்பட்டார்கள், வழியிலேயே கடத்தப்பட்டார்கள், ஓகஸ்ட் மாத முடிவில் கொல்லப்பட்டார்கள். வேலை செய்யும் நாடு, முகாம் இருக்கும் ஊர், கூலி கொடுக்கும் கம்பெனியின் முழுப்பெயர், அதற்கு மேலே வேலையைக் கொடுத்த பிரதான கம்பெனி அல்லது அரசின் பெயர், இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயர் கிடைத்துவிட்டால், ஜெனீவாவில் இருக்கும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான நடத்தைக் கோவைச் சங்கத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலைத் தேடிப்பாருங்கள். பெயர் இருந்தால் சொர்க்கம் என்று அர்த்தமில்லை, முறைப்பாடு செய்ய ஓர் இடமாவது இருக்கும்.

வேலையைக் கொடுத்த அந்தப் பிரதான கம்பெனி அல்லது அரசின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அமெரிக்க அரசின் ஒப்பந்த வேலை என்றால், 1941-ல் வந்த டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற அமெரிக்கச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் எந்த நாட்டவர் என்பது பிரச்சினை இல்லை, சப் கொன்ட்ராக்டரிடம் வேலை செய்தாலும் சரி. முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இறந்தால் மனைவி பிள்ளைகளுக்குப் பங்கு, மருத்துவச் செலவும் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில். ஆனால் காயத்தைப் பற்றி 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், உரிமை கோருவதைப் பொதுவாக ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கால் போய் ஊருக்கு வந்து, கம்பெனி கூப்பிடும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எனவே இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் பொலிசி இலக்கத்தையும் போகும் முன்பே கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அமெரிக்க ஒப்பந்தம் இல்லையென்றால் என்ன காப்புறுதி, எவ்வளவு, உடலைக் கொண்டுவரும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். கேட்பது அபசகுனம் என்று அம்மா சொல்வார், பரவாயில்லை, கேளுங்கள்.

இனி வேலை. சினிமாவில் வருவது மாதிரி எதுவும் கிடையாது, முக்கால்வாசி நேரம் நிற்பதுதான். லொறி வந்தால் தடுப்புக்கு வெளியே தூரத்திலேயே நிறுத்துவார்கள். எஞ்சினை அணைத்து டிரைவர் இறங்குவார், கதவு, பொனெட், டிக்கி எல்லாவற்றையும் டிரைவரே திறக்க வேண்டும், நீங்கள் கை வைக்கக்கூடாது. திறக்கத் தயங்குகிறார், வியர்க்கிறது, உங்கள் முகத்தைப் பார்க்காமல் தடுப்பையே பார்க்கிறார் என்றால் நீங்கள் பின்வாங்கி மறைவுக்குப் போய் ரேடியோவில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வெடிகுண்டு தேடுவது உங்கள் வேலை இல்லை. நுவரெலியாக் குளிருக்குப் பழகிய உடம்பு, இரும்புத் தகடு போட்ட கவசத்தோடு வெயிலில் நிற்கும்போது தாகம் வரும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். கேட்டை விட ஆபத்து கேட்டுக்குப் போகிற வழியில்தான். 2016 ஜூனில் காபூலில் கனடா தூதரகக் காவலர்கள் பயணித்த பஸ்ஸைக் குறிவைத்துத்தான் தற்கொலைக் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள். தங்குமிடம் முகாமுக்கு உள்ளேயா வெளியேயா, வெளியே என்றால் என்ன வண்டி என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள்.

சட்டத்தின் கண்ணில் நீங்கள் சிவிலியன், படைவீரர் இல்லை. உங்கள் உயிரையோ நீங்கள் காக்கும் உயிரையோ காப்பாற்றத் தவிர வேறெதற்கும் சுடக்கூடாது. 2007 செப்டம்பர் 16-ல் பக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்புக் கம்பெனியின் காவலர்கள் சுட்டு 17 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேரை அமெரிக்க நீதிமன்றம் தண்டித்தது, பிறகு அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். மஸ்கெலியாவிலிருந்து போனவருக்கு மன்னிப்புக் கொடுக்க எந்த ஜனாதிபதி வருவார்? 2022 நெருக்கடியின்போது பக்தாத்தில் இருந்த நம் தூதரகத்தையே தற்காலிகமாக மூடுவதாக அரசு அறிவித்தது. அதனால் போகும் நாட்டுக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகம் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து இலக்கத்தை எழுதி வையுங்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்தால் கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்குங்கள்.

கடைசியாக வீட்டுப் பத்திரங்கள். தோட்டத்தில் பிறந்த நம்மில் நிறையப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாஸ்போர்ட்டில் மூன்றாவது. கல்யாணமும் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே இல்லை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாரியம்மன் கோயில் போட்டோ ஆதாரமாகாது. பிரதேச செயலகத்துக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிந்து, பிள்ளைகளின் சான்றிதழில் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தம் வர மாதக்கணக்காகும், எனவே மெடிக்கலுக்குக் காசு கட்டும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.