வாடகைக் காரில் மூன்று நாள் வன்னி: முதல்முறை போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னி என்றால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு 75 கிலோமீற்றர், மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்கு 50. கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒன்றரை நாளில் எல்லாம் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். முடிக்கலாம்தான். ஆனால் கடைசித் துண்டு இருட்டில் வரும், அதுவும் காட்டுக்குள் வரும். அதனால் வன்னிப் பயணத்தைப் பொழுதை வைத்துத் திட்டமிடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு எந்த ஊரில் நிற்பீர்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. மாதம்

கார்த்திகை, மார்கழி வேண்டாம். வடகீழ்ப் பருவமழை அப்போதுதான் வன்னியில் கொட்டும். குளங்கள் நிரம்பி வான் பாயும், சின்னப் பாலங்கள் தண்ணீருக்குள் போகும், மாற்றுவழி தேடியே நாள் போய்விடும். மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் நல்ல காலம். ஆனால் காலபோக அறுவடை நேரத்தில் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். அந்த நெல்லுக்கு மேலே காரை ஏற்றாதீர்கள். எதிரே வருகிற வாகனத்துக்கு இடம் விட்டு நின்று, பிறகு போங்கள். ஒரு குடும்பத்தின் போகம் அங்கே காய்கிறது.

ஆனி, ஆடியில் வெயில் கடுமை. ஆனால் பாலைப்பழம் வீதியோரத்தில் விற்பனைக்கு வருகிற காலமும் அதுதான். ஜூலை 2ஐயும் ஓகஸ்ட் 15ஐயும் ஒட்டி மடு மாதா கோயில் திருவிழா நடக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். இந்த நாட்களில் கூட்டத்தோடு போய்க் கும்பிட விருப்பமென்றால் தாராளமாகப் போங்கள். அறை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

2. கார், அதைவிட முக்கியமாகக் கடதாசிகள்

நாலு பேருக்குச் சின்னக் கார் போதும். இந்தச் சுற்றில் வருகிற பெருவீதிகளான ஏ9, ஏ32, ஏ34, ஏ35 நாலும் தார் வீதிகள். உள்ளே கிரவல் வீதிகளில் குளம் குளமாகத் திரிய ஆசை இருந்தால் மட்டும் உயரமான வாகனம் பாருங்கள்.

வாகனத்தை எடுக்கும்போது வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றின் திகதியையும் நீங்களே வாசியுங்கள். காப்புறுதியில் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: இது வாடகைக்கு விடுகிற வாகனம் என்று காப்புறுதியில் பதிந்திருக்கிறதா? சொந்தப் பாவனை என்று மட்டும் பதிந்த காரை வாடகைக்குக் கொடுத்து, அது எங்காவது அடிபட்டால் காப்புறுதிக்காரர் கைவிரிக்க இடமுண்டு. தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கிற கார்களில் இந்தச் சிக்கல் அதிகம். முழுக் காப்புறுதியா, மூன்றாம் தரப்பு மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீலைப் பாருங்கள். இருக்கிறதா என்பதோடு நிற்காமல் காற்று இருக்கிறதா என்று அமத்திப் பாருங்கள், ஜக்கும் சில்லுக் கழற்றுகிற சாவியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பல புதிய ஜப்பான் கார்களில் ஸ்பெயார் வீலே வராது. அதற்குப் பதிலாக ரயர் ஓட்டையை அடைக்கிற ஒரு மருந்துப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான் வரும். ஆணி குத்தினால் அது சமாளிக்கும், ரயர் கிழிந்தால் சமாளிக்காது. மன்னார் போகிற வழியில் வெள்ளாங்குளம் பக்கம் ரயர் கிழிந்து நின்றால் அடுத்த ரயர் கடை வெகுதூரம். உண்மையான ஸ்பெயார் வீல் உள்ள காரைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல வெளிச்சத்தில் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கீறல், நெளிவு, பெற்றோல் முள், ஓடிய கிலோமீற்றர் எல்லாம் அதில் விழவேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு: உங்கள் நாட்டு லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டமுடியாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் போன்ற உள்ளூர் அனுமதி ஒன்று வேண்டும். வடக்குக்கு வர முதலே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

3. கணக்கு

வாடகைக்காரர் பலர் ஒரு நாளுக்கு 100 கிலோமீற்றர் என்று வரம்பு வைத்து, கூடினால் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். கீழே சொல்லப்போகும் சுற்று ஏறக்குறைய 470 கிலோமீற்றர் வரும். கோயிலுக்கும் குளத்துக்கும் உள்ளே திரும்புவதையும் சேர்த்து 500 என்று வையுங்கள். மூன்று நாளுக்கு 300 கழிந்தால் 200 கிலோமீற்றர் மேலதிகம். நாள் வாடகை குறைவு என்று சந்தோஷப்பட முதல் இந்த 200ஐப் பெருக்கிப் பாருங்கள். பேசும்போதே "மூன்று நாள், 500 கிலோமீற்றர், மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் வேலை சுலபம்.

பெற்றோலை வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மூன்று நகரங்களிலும் முழுசாக நிரப்புங்கள். இடையில் பெற்றோல் செட் இருந்தாலும் அதை நம்பிப் போகவேண்டாம்.

4. முதல் நாள்: வவுனியா – முல்லைத்தீவு – கிளிநொச்சி

காலை ஆறரைக்கு வவுனியாவில் இருந்து வெளிக்கிடுங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் ஏ34. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. மதியத்தோடு கோயில்கள் பூட்டிவிடும், அதனால் காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள். அருகே கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல். 1803 ஒக்டோபர் 31இல் பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகச் சொல்கிற கல் அது. வென்றவர்கள் நட்ட கல்லை இன்றைக்குத் தோற்றவனுக்காகத்தான் எல்லோரும் தேடிப் போகிறார்கள். பிள்ளைகளோடு போனால் கட்டாயம் இறங்கிக் காட்டுங்கள்.

முள்ளியவளைப் பக்கம் சற்று விலகினால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில், நந்திக்கடல் ஓரத்தில். மதியச் சாப்பாட்டுக்கு முல்லைத்தீவு நகரம்.

இரண்டரைக்குப் பிறகு அங்கே நிற்காதீர்கள். ஏ35இல் ஏறியதும் வட்டுவாகல் பாலம். பழைய பாலம் ஒடுக்கம், இரண்டு கார் விலத்த இடமில்லை. எதிரே ஒரு வாகனம் பாலத்தில் ஏறிவிட்டால் நீங்கள் கரையில் நில்லுங்கள். பாலத்தின் ஓரத்தில் நின்று வீச்சுவலை எறிகிறவர்கள் வலையைத் தோளில் மடித்துப் போட்டு, ஒரு நுனியை வாயில் கடித்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார் வருவது அவர்கள் கண்ணில் படாது. ஊர்ந்து போங்கள்.

பாலம் தாண்டினால் முள்ளிவாய்க்கால். 2009இல் அந்த ஒடுங்கிய மண்ணில் என்ன நடந்தது என்று தமிழ் வாசிப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நினைவு முற்றத்தில் காரை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, கொஞ்ச நேரம் நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம். அந்த வீதியில் கடை வைத்திருப்பவர்களிடம் தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிண்டாதீர்கள்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தன், அங்கிருந்து கிளிநொச்சி. ஐந்தரைக்குள் அறைக்குள் போய்விடலாம்.

5. இரண்டாம் நாள்: ஏ32 வழியாக மன்னார்

முதல் நாள் மாங்குளத்தில் திரும்பியதால் முறிகண்டி தவறியிருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வழியால் வாகனம் ஓட்டுகிறவர்கள் குறைவு. அதனால் காலையில் முதலில் தெற்கே வாருங்கள். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நில்லுங்கள். வடக்கிலேயே பெரிய குளம் அது. பிறகு முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பரந்தனுக்குத் திரும்பி, பூநகரிக்கு விடுங்கள்.

பூநகரியில் வலது கைப்பக்கம் போனால் சங்குப்பிட்டிப் பாலம், 2011இல் திறந்தது, யாழ்ப்பாணத்துக்கு. நீங்கள் போகவேண்டியது இடப்பக்கம். முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று நீள நேர் வீதி, வெறும் வெளி, பனை, அங்கங்கே மாடு. எனக்கு இந்த முழுச் சுற்றிலும் பிடித்த துண்டு இதுதான். ஆனால் நேர் வீதி என்று அமத்தாதீர்கள். ஊர்மனைக்குள் 50, வெளியே 70. பொலிஸ் பிடித்துத் தண்டம் எழுதினால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு தரலாம். அப்படியென்றால் தண்டத்தைக் கட்டினால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். மன்னார் போகிற அவசரத்தில் முழங்காவிலில் வாங்கிய துண்டுக்காக மறுபடி திரும்பி வரவேண்டியிருக்கும்.

மன்னாருக்குள் நுழைய முதல் திருக்கேதீச்சரம், பாலாவித் தீர்த்தக் கரையில். நடை பின்னேரம் திறக்கும்வரை காத்திருந்து கும்பிட்டுவிட்டு நகரத்துக்குள் போங்கள்.

6. மூன்றாம் நாள்: தீவும் மடுவும்

காலையில் தலைமன்னார், திரும்பும்போது பள்ளிமுனைப் பெருக்கமரம், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. மன்னார் நகர வீதிகளில் கழுதைகள் கூட்டமாக நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது. தை, மாசியில் போனால் பெருநிலப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் இறங்கியிருக்கும். பதினொரு மணிக்குக் கிளம்பினால் மடுவுக்கு நேரம் தாராளம். மடு வீதிச் சந்தியில் இருந்து மாதா கோயில் காட்டுக்குள்ளே பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். அங்கிருந்து பறையனாலங்குளம் வந்து வவுனியா.

7. வீதியில் கவனம்

முதலில் மாடு. இரவானால் தாரின் சூட்டுக்கு நடுவீதியில் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், லைற் படும்வரை தெரியாது. அடுத்தது பின்பக்க லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள். பிறகு யானை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுக் காட்டுப் பக்கங்களில் பொழுதுபட்டால் வரும். வீதியில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், லைற்றை மின்னிக் காட்டாதீர்கள், என்ஜினை நிறுத்தாமல் மெல்லப் பின்னுக்கு எடுங்கள். ஆறு மணிக் கணக்கை முதலில் போடச் சொன்னது இந்த மூன்றுக்காகத்தான்.

ஏ9இல் இருந்து உள்ளே திரும்பும் பல இடங்களில் ரயில் பாதை குறுக்கிடும். கதவில்லாத கடவைகளில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பாருங்கள்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம். மிதிவெடி அகற்றுகிற வேலை எல்லா இடத்திலும் முடியவில்லை. பலகை இல்லாவிட்டாலும் பற்றைக்குள் ஒதுங்காதீர்கள். கடை இருக்கிற சந்தி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அது குளக்கட்டையும் வீதி என்று காட்டினால், பக்கத்துக் கடையில் ஒரு ஐயாவிடம் வழி கேளுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

8. காரைத் திருப்பிக் கொடுக்க

வவுனியாவுக்கு நாலு மணியளவில் வந்துவிடுவீர்கள். பெற்றோலை எடுத்த அளவுக்கு நிரப்பி, சில்லுக்கு மேலே ஒட்டிய செம்மண்ணைக் கழுவி, வெளிச்சம் இருக்கும்போதே ஒப்படையுங்கள். முதல் நாள் வீடியோவை வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து காரை ஒரு சுற்றுப் பாருங்கள். கட்டிய முற்பணத்தைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.