களிமண் சிற்பம் செய்யக் குழுவாகப் போகிறீர்களா?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா கைவினை அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால் முதலில் கிழமையைப் பாருங்கள், செவ்வாய் விடுமுறை. பெரிய குழு என்றால் எத்தனை பேர், என்ன வயது என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். மண் பிசைந்து வைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமே.

நகம் வெட்டி, மோதிரம் கழற்றி உட்காருங்கள்.

பலரும் தவறுவது ஒட்டும் இடத்தில்தான். யானைக்குத் தும்பிக்கையை அப்படியே அழுத்தி வைத்தால் காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கமும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி ஒட்டுங்கள். உடம்பு தடிமனாக இருந்தால் உள்ளே குடைந்துவிடுங்கள். ஈரம் தங்கிய மண் சூளையில் வெடித்து, பக்கத்துப் பிள்ளையின் பொம்மையையும் உடைத்துவிடும்.

அடியில் பெயரைக் கீற மறக்காதீர்கள். இருபது யானைகளில் தன்னுடையது எது என்று தெரியாமல் ஒரு சிறுமி அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கொண்டுவர அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் போதும். வீட்டில் வெயிலில் வைக்காமல், ஈரத்துணி போர்த்தி நிழலில் மெல்லக் காயவிடுங்கள்.

நேரம் இருந்தால், சென்னை திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இறங்குங்கள். கையில் மண் பட்ட பிறகு அங்குள்ள சிற்பங்களைப் பிள்ளைகள் பார்க்கிற பார்வையே வேறு.