பவளம் முட்டை விடுறதை நேர்ல பார்க்கணுமா? தேதியை மொதல்ல புடிங்க

ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் போட்டு கிரேட் பேரியர் ரீஃப்ங்கிற பவளப்பாறை தொடர்ல டைவ் அடிச்சிட்டு வந்தேன், ஆனா முட்டை விடுறதை பார்க்கலன்னு சொல்றவங்க நெறைய பேரு. தேதி தப்பு, வேற ஒண்ணும் இல்ல. வருஷத்துல சில ராத்திரிதான் அது நடக்கும்.

கணக்கு இதுதான். அங்க வசந்த காலத்துல கடல் தண்ணி சூடேறுற சமயம் வர்ற பௌர்ணமியை பாருங்க, அதுக்கப்புறம் நாலாவது ராத்திரியில இருந்து ஆறாவது ராத்திரி வரைக்கும்தான் முக்கியமான நேரம். கரையை ஒட்டி இருக்குற மேக்னடிக் தீவு மாதிரி இடத்துல பெரும்பாலும் அக்டோபர் பௌர்ணமிக்கு அப்புறம், கரையை விட்டு தள்ளி இருக்குற வெளி ரீஃப்ல நவம்பர் பௌர்ணமிக்கு அப்புறம். பௌர்ணமி மாசத்தோட ஆரம்பத்துலயே வந்துட்டா பாதி பவளம் இந்த மாசம், மீதி அடுத்த மாசம்னு பிரிஞ்சு விடும், அந்த மாதிரி வருஷத்துல ஒரே ராத்திரியை நம்பி போகாதீங்க, போட்லயே தங்குற ட்ரிப்பா பார்த்து மூணு நாலு ராத்திரி புக் பண்ணுங்க.

தண்ணிக்குள்ள எறங்குனதும் கண்டபடி சுத்தாம, கொம்பு கொம்பா இருக்குமே அக்ரோபோரா, அதுல ஒண்ணு ரெண்டை செலக்ட் பண்ணி அங்கயே நில்லுங்க. பொழுது சாஞ்சு ரெண்டு மூணு மணி நேரத்துல ஒவ்வொரு பாலிப்போட, அதாவது பவளத்துல இருக்குற குட்டி குட்டி உயிரோட, வாயிலயும் கடுகு சைஸ்ல ஒரு பிங்க் உருண்டை எட்டிப் பார்க்கும். இதை செட்டிங்னு சொல்லுவாங்க, இதுதான் உங்களுக்கு சிக்னல், இது தெரிஞ்சா ஏர் மிச்சம் வச்சுக்கோங்க, எங்கயும் நகராதீங்க. கொஞ்ச நேரத்துல மொத்த காலனியும், அதாவது அந்த பாலிப் கூட்டம் முழுக்க, ஒண்ணா விட்டுடும், உருண்டை எல்லாம் மெதுவா மேல ஏறும். முட்டையில கொழுப்பு ஜாஸ்தி, அதான் மெதக்குது. டாம்செல் மீனெல்லாம் வந்து கொத்தி தின்னுட்டு இருக்கும், ஆனா அத்தனையும் ஒரே நேரத்துல வர்றதால அதுங்களால எவ்ளோதான் தின்ன முடியும்!

அந்த உருண்டைக்குள்ள முட்டையும் இருக்கு, விந்தணுவும் இருக்கு, ஏன்னா அக்ரோபோராவுல ஒரே காலனி ஆணும் பெண்ணும். ஆனா தன்னோட விந்தணு தன்னோட முட்டையில பெரும்பாலும் ஒட்டாது, மேல போய் உருண்டை ஒடஞ்சு பக்கத்து காலனியோடது கலந்தாதான் கரு உருவாகும். எடத்தை விட்டு நகர முடியாத ஜீவன் வேற என்னதான் செய்யும், எல்லாம் ஒரே நேரத்துல விட்டே ஆகணும். அப்புறம் பிளானுலாங்கிற குட்டி லார்வா ஆகி சில நாள் மெதந்து, பாறை மேல படிஞ்சிருக்குற இளஞ்சிவப்பு பாசி மாதிரி எடமா தேடி ஒட்டி, சுண்ணாம்பு கூட்டை கட்ட ஆரம்பிக்கும். எல்லாமே இப்படி இல்ல, பொரைட்டீஸ்ங்கிற இன்னொரு வகை பவளத்துல ஆண் காலனி தனி, பெண் காலனி தனி. அங்க உருண்டையை தேடாதீங்க.

டார்ச் விஷயத்துல கவனம். நேரம் புடிக்கிறதுல நிலா வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் பெரிய பங்கு இருக்கு, அதனால வெள்ளை லைட்டை பவளத்து மேல அடிச்சிட்டே நிக்காதீங்க, செட்டிங் வரைக்கும் சிவப்பு லைட் போதும். போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம். கால்ல மாட்டுற துடுப்பு பட்டு பவளக் கொம்பு ஒடஞ்சிடாம மெதக்க தெரிஞ்சவங்க மட்டும் கிட்ட போங்க, நைட் டைவ் புதுசுன்னா பகல்லயே அதே எடத்துல ஒரு தடவை எறங்கி பாருங்க.

மறுநாள் காலையில தண்ணி மேல பிங்க் கலர்ல ஏடு மாதிரி படலம் ஒதுங்கி, மீன் கவிச்சி அடிச்சா, ராத்திரி பக்கத்துல எங்கயோ விட்டிருக்குன்னு அர்த்தம். ஆனா பாக்டீரியா படலமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீங்க.

பவளம் இப்படி ஒண்ணா முட்டை விடுறது 1980கள் ஆரம்பத்துலதான் மேக்னடிக் தீவு பக்கம் ஆராய்ச்சியாளர்கள் கண்ணுல பட்டது, 1984ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு.

நம்ம மன்னார் வளைகுடாவுலயும் அக்ரோபோரா மார்ச் வாக்குல விடும். ஆனா அந்த 21 தீவும் தேசிய பூங்கா, அனுமதி இல்லாம எறங்க முடியாது. கரையில ஒதுங்குன பவளத்துண்டை கூட எடுத்துட்டு வராதீங்க, வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல கேஸ் ஆகிடும்.