அரசாங்க மருந்து: எது கிடைக்கும், யார் எழுதித் தர முடியும், எங்கே வாங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மருந்துப் பேச்சு எடுத்தால் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "அந்த மருந்து கவர்மென்ட்டில் இல்லையாம், வெளியே வாங்கிக்கச் சொல்லிட்டாங்க." அன்றைக்கே பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தனியார் மருந்தகத்தில் வாங்கத் தொடங்குவார்கள். அப்புறம் அது மாதாந்திரச் செலவாகிவிடும்.

ஆனால் பல நேரங்களில் அந்த மருந்து அரசாங்கப் பட்டியலில் இருக்கும். அதை எழுதித் தரும் அதிகாரமுள்ள டாக்டர் நம் கிளினிக்கில் இல்லாததுதான் காரணமாக இருக்கும். "இல்லை" என்பதும் "இங்கே இல்லை" என்பதும் ஒன்றல்ல. வெளியே காசு கொடுப்பதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று முதல் முறை போகிறவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

முதல் படி: நமக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் மருந்துக்கென்று அரசாங்கக் காப்புறுதி அட்டை எதுவும் கிடையாது. மாதச் சந்தாவும் இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் சேவை இது. குடிமக்களுக்கு அடையாள அட்டை போதும். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரைப் பார்ப்பதும் மருந்தும் அதற்குள் அடங்கும். அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக் என்றால் ஐந்து வெள்ளி. அறுபது வயது தாண்டியவர்கள் அந்த ஒரு வெள்ளியும் கட்ட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளி அட்டை, அரசாங்க ஓய்வூதிய அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கவுன்டரில் காட்டுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, அதிகம்.

ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், இருந்தார், மருந்தைக் கையில் கொடுத்துவிடுவார். இன்று பெரும்பாலும் டவுனுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாம் படி: மருந்து தராத திட்டங்களைப் பிரித்து வையுங்கள்

குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டம் 2019-இல் வந்தது. எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுகிறவர்களுக்கும் அவர்களின் கணவன் மனைவிக்கும், நாற்பது வயதிலிருந்து, இலவச உடல் பரிசோதனை உண்டு. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது இதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகையும் பயணப் பணமும் உண்டு. மாதாமாதம் சாப்பிடும் மாத்திரை மட்டும் இதில் வராது. "பெக்கா இருக்கே, மருந்து கொடுங்க" என்று மருந்துக் கவுன்டரில் கேட்டு வீண்வாதம் வேண்டாம். ஆனால் அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் செம்பனைக் காட்டில் வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

2023 ஜூனில் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம் தனியார் கிளினிக்கில் காய்ச்சல், இருமல் போன்ற திடீர் உபாதைகளுக்கானது. நாள்பட்ட நோய்க்கான மருந்துக்கு அது இல்லை. வேலையிடத்தில் காயம் பட்டால் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அது தனிக் கணக்கு, முதலாளிக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மருந்தின் எழுத்தைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. சுகாதார அமைச்சு தன் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தரக்கூடிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் ஃபார்முலாரி என்பார்கள். அதில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எழுத்து இருக்கும். அந்த மருந்தை யார் எழுதலாம் என்பதை அந்த எழுத்து சொல்லும்.

சி, சி பிளஸ் என்றால் மருத்துவ உதவியாளர், தாதி நிலையிலேயே தரலாம். பி என்றால் சாதாரண மருத்துவ அதிகாரி எழுதலாம். இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் எல்லாம் பி. அதனால்தான் அவை நம் கிளினிக்கிலேயே கிடைக்கின்றன. ஏ/கேகே என்றால் நிபுணர் எழுதலாம், அல்லது கிளினிக்குக்கு வரும் குடும்ப மருத்துவ நிபுணர் எழுதலாம். ஏ என்றால் மருத்துவமனை நிபுணர் மட்டும். ஏ ஸ்டார் என்றால் நிபுணரும் குறிப்பிட்ட சில நோய்நிலைகளுக்கு மட்டும்தான் எழுத முடியும்.

ஆக, "இங்கே தர முடியாது" என்று டாக்டர் சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். மருந்துக் கவுன்டரில் இருப்பவரிடம் பொறுமையாகக் கேளுங்கள்: "உபாட் இனி காத்தேகோரி அப்பா?" (இந்த மருந்து எந்தப் பிரிவு?) ஏ/கேகே என்று பதில் வந்தால், குடும்ப மருத்துவ நிபுணர் என்றைக்கு வருவார், எந்தக் கிளினிக்கில் இருப்பார் என்று கேட்டு அவரிடம் தேதி வாங்குங்கள். ஏ என்றால் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நம் பக்கத்து ஆட்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ தைப்பிங் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போகும்தான். ஆனாலும் மாதாமாதம் மருந்தைச் சொந்தக் காசில் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

கைப்பேசி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அமைச்சின் மருந்தியல் சேவைப் பிரிவு இணையத்தளத்தில் இந்தப் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம். மருந்துப் பெயரைத் தட்டினால் எழுத்து வந்துவிடும்.

நான்காம் படி: பெட்டிப் பெயரை விட்டு மருந்துப் பெயரைப் பிடியுங்கள்

தனியார் கிளினிக்கில் நார்வாஸ்க் சாப்பிட்டவர் அரசாங்க கிளினிக்கில் "நார்வாஸ்க் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். அம்லோடிபின் என்று கேட்டால் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. குளுக்கோபேஜ் என்பதும் மெட்ஃபார்மின்தான். பழைய பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள், கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. அரசாங்கம் மருந்து வாங்கும் கம்பெனி மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். போன மாதம் வெள்ளையாக வட்டமாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக நீளமாக வரும். வயதானவர்கள் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். மயக்கம் போட்டு விழ இது போதும். புதுப் பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் பழைய பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து லேபலை ஒப்பிடுங்கள். "மெட்ஃபார்மின் 500 மி.கி." என்று இரண்டிலும் இருந்தால் அது ஒரே மருந்து, முதலில் பழையதை முடிக்க வேண்டும். அதற்குக் கீழே "மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி, செலெப்பாஸ் மாக்கான்" என்று இருக்கும். ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பிட்ட பிறகு என்று அர்த்தம். மலாய் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதன் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். வாங்கும்போதே, "தம்பி, அத்தைக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்று மருந்தாளரிடம் கேட்பதும் தப்பில்லை.

ஐந்தாம் படி: அடுத்த மாத மருந்துக்கு வழி செய்யுங்கள்

நாள்பட்ட நோய்க்கு டாக்டர் சில மாதங்களுக்குச் சேர்த்து எழுதினாலும் கவுன்டரில் பெரும்பாலும் ஒரு மாத மருந்துதான் தருவார்கள். அடுத்த தேதி சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

ஈப்போவில் நிபுணரைப் பார்த்தாலும் மாதாமாதம் ஈப்போவுக்கே ஓட வேண்டும் என்றில்லை. எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டில், வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மிச்ச மாதங்களுக்கான மருந்தை வாங்கலாம். முதல் மாத மருந்தை வாங்கும் அன்றே, எந்த இடத்தில் வேண்டும் என்று சொல்லிப் பதிந்துவிடுங்கள். அவர்கள் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு, தபால் செலவு நம்முடையது. தோட்டத்து லயத்தில் முகவரி சரியாக இல்லாதவர்கள் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுப்பது பாதுகாப்பு. குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினைத் தபாலில் எதிர்பார்க்காதீர்கள், நேரில் போங்கள்.

ஆறாம் படி: உண்மையிலேயே பட்டியலில் இல்லை என்றால்

முதலில் டாக்டரிடம் கேளுங்கள்: இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து பட்டியலில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். மாற்று இல்லை, இதுதான் வேண்டும் என்று நிபுணர் முடிவு செய்தால், தலைமை இயக்குநரின் சிறப்பு அனுமதிக்கு மருத்துவமனையே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த வேலை நோயாளியுடையது இல்லை, ஆனால் கேட்பது நம் வேலை.

வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும், கையில் காசில்லை என்றால் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் தபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற உதவி நிதிக்கு அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். நிபுணரின் அறிக்கை, மருந்தின் விலைப்பட்டியல், குடும்பத்தார் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாம் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. கிளினிக்கிலேயே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று மருந்தகங்களில் விலை பாருங்கள். மருந்தின் பெயரைச் சொல்லி, "இதில் விலை குறைந்த கம்பெனி இருக்கா?" என்றும் கேளுங்கள்.