வீடு வாங்கும் முன் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

வடசென்னையில் ஒரு பிளாட் பார்க்கிறோம் என்று வாய் திறந்தால் போதும். "கொளத்தூர்ல வாங்குப்பா" என்பார் மாமா. "மாதவரத்துக்கு மெட்ரோ வருது, விட்றாத மச்சான்" என்பான் நண்பன். அத்தை திருவொற்றியூரைத் தாண்ட விடமாட்டார். எல்லாரிடமும் "வாங்கலாமா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டால் இப்படித்தான் குழப்பம் மிஞ்சும். யாருக்கு எது தெரியுமோ அதை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

படி 1: கணக்கை எழுதுங்கள்

வெளியே பேசுவதற்கு முன் கணவனும் மனைவியும் ஒரு தாளோடு உட்காருங்கள். பிளாட் விலை 50 லட்சம் என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம் தரும். மீதி 10 லட்சம் உங்கள் கைப்பணம். ஏற்கெனவே ஒருவர் வாங்கி இப்போது மறுவிற்பனைக்கு வரும் பிளாட் என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து இன்னொரு 4.5 லட்சம். ஆக, 14.5 லட்சம் புரட்ட வேண்டும். இந்தத் தொகை தெரியாமல் பெரியவர்களிடம் போனால் பேச்சு வாஸ்துவில் போய் நின்றுவிடும்.

படி 2: பணம் தருபவர்களிடம்

சங்கடமான இடம் இதுதான். "வச்சுக்கடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் சொல்லும்போது, "அண்ணே, இது கடனா, இல்ல வீட்ல உனக்குப் பங்கா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. பங்கு என்றால் பத்திரத்தில் அவர் பெயரும் ஏற வேண்டும். பெயர் இல்லாமல் பின்னாளில் உரிமை கேட்டால் பினாமித் தடைச் சட்டம் அவருக்குக் குறுக்கே நிற்கும். கடன் என்றால் வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. கூடவே ஒரு கடன் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இருக்கும் பூர்வீக வீட்டை விற்றுத்தான் பணம் வரப்போகிறது என்றால், அக்கா தங்கைகளையும் முதல் நாளே கூப்பிடுங்கள். "அவளுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்ற பேச்சு பதிவு அலுவலகத்தில் செல்லாது. இந்துக் குடும்பங்களில் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. பங்கு வேண்டாம் என்கிற சகோதரி விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். வாய்வார்த்தை போதாது.

படி 3: ஏரியாவில் குடியிருப்பவர்களிடம்

"ஏரியா எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது? போர் தண்ணீர் உப்பா? லாரித் தண்ணீர் வாங்குகிறீர்களா? வியாசர்பாடி என்றால், கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் எந்த வழியாகப் போவீர்கள்? கொடுங்கையூர் என்றால், காற்று திரும்பும்போது குப்பைமேட்டு நாற்றம் வீடு வரை வருமா? எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் என்றால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள்?

சொந்த வீட்டுக்காரரைவிட வாடகைக்கு இருப்பவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன். தன் வீட்டு விலை குறையுமே என்ற கவலை அவருக்கு இல்லை.

விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ஓடுகிறது. "விலை ஏறுமா?" என்று நண்பனிடம் கேட்காதீர்கள். காலையில் ஆபீஸ் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். அது அவனுக்குத் தெரியும்.

படி 4: பத்திர விஷயம்

இதைச் சொந்தக்காரர் யாரிடமும் கேட்க வேண்டாம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்து முன்பு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லும் மூலப் பத்திரத்தை, உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. "நான் பாத்துட்டேன், எல்லாம் கிளியர்" என்று மாமா சொன்னால், "லோனுக்கு வக்கீல் லீகல் ஒப்பீனியன் கேக்குறாங்க மாமா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

படி 5: இடம் காட்டும் நண்பனிடம்

"மச்சான், இதுல உனக்குக் கமிஷன் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். இருந்தால் தப்பில்லை. அவன் சொல்லும் விலையை மட்டும் அதே தெருவில் இன்னொரு புரோக்கரிடம் விசாரித்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.