வாடகை வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியைப் பரிசோதித்தல்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற இடங்களில் வீட்டையோ அனெக்ஸையோ வாடகைக்குக் கொடுப்பவர்கள், புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தியதோடு தம் பொறுப்பு முடிந்ததாக எண்ணக்கூடாது. குளிருக்காகக் கதவு யன்னல்களை இறுக அடைத்து உறங்கும் மலையகத்தில், அக்கருவியை யார், எப்போது சோதிப்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம்.

குடியிருப்பவர் மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், உரிமையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்து முழுமையாகப் பார்ப்பதும் நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடாகும். நீங்கள் வரும் நாளை, குடியிருப்பவர்களுடைய வேலை நேரம் அறிந்து முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள். வீட்டில் முதியோரும் குழந்தைகளும் இருந்தால், திடுக்கிடாதபடி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்தும்போது மற்றவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கட்டும். அங்கே சத்தம் தெளிவாகக் கேட்காவிட்டால் அந்த அறைக்கும் ஒரு கருவி வேண்டும்.

பொத்தான் ஒலித்துவிட்டது என்பதற்காகத் திருப்தியடைய முடியாது. புகை நுழையும் துவாரங்கள் அடைபட்டிருப்பதை அது காட்டாது; விறகடுப்புக் கரியும் சிலந்தி வலையும் படியும் வீடுகளில் இதுவே பெரிய குறை. மென்மையான, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள், தண்ணீர் படக்கூடாது. மாற்றக்கூடிய பற்றரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின்புறம் அச்சிட்டுள்ள உற்பத்தித் திகதியிலிருந்து 10 ஆண்டுகள் கடந்திருந்தால் கருவியையே மாற்ற வேண்டும்.

சமைக்கும்போதெல்லாம் அலறுகிறது என்று பற்றரியைக் கழற்றி வைத்திருக்கும் குடும்பத்தைக் கடிந்துகொள்வது நியாயமில்லை; பெரும்பாலும் கருவி இருக்கும் இடமே பிழை. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி, படுக்கையறைகளுக்குச் செல்லும் வழியில் அதனை மாற்றிப் பொருத்துங்கள். ஒளிக்கற்றையால் புகையை உணரும் வகை, சமையல் புகைக்குத் தேவையின்றி ஒலிப்பது ஓரளவு குறைவு. சமையலறைக்குள் புகையை அல்ல, வெப்பத்தை உணரும் கருவியே பொருத்தமானது.

இரவில் கரிச்சட்டி மூட்டிக் குளிர்காயும் வீடாயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரியிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகைக் கருவி அதைக் கண்டறியாது. அதற்குத் தனிக் கருவி பொருத்துவதுடன், உறங்கும் அறைக்குள் கரிச்சட்டி வைக்க வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.

சோதித்த திகதி, பற்றரி மாற்றிய விபரம், சரிசெய்ய வேண்டியவை ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு, பிரதியொன்றைக் குடியிருப்பவரிடம் கொடுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடுகளில், ஒவ்வொரு குழுவும் வருவதற்கு முன் சோதனை நடக்க வேண்டும்.