‘ரீடூ’ என்று எழுதினால் கடப்பாரை வரும்

வீட்டுக்காரர் சிங்கப்பூரில், அவருடைய பழைய செட்டிநாட்டு வீடு கானாடுகாத்தானில், வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் காரைக்குடியில். இவர்களுக்கு நடுவே வாட்ஸ்அப்பில் ஓடுவது இங்கிலீஷ். அதில் அடிக்கடி தலைகாட்டுகிற வினைச்சொல் ‘ரீடூ’ (redo). இன்ஜினியர் ஆபீசிலும் ஹோம்ஸ்டேயிலும் புதிதாகச் சேர்ந்து கடிதம் எழுதப் பழகுகிறவர்கள் வழக்கமாக ஒரு சில இடங்களில்தான் இடறுகிறார்கள். இறந்தகாலத்துக்கு ‘ரீடிட்’, ‘ஹேவ்’ வந்தால் ‘ரீடன்’ என்பதெல்லாம் எந்த அகராதியிலும் கிடைக்கும், அதை விட்டுவிடலாம்.

ரிப்பேர் என்பதற்கு ‘ரீடூ’ போடுவது

பணத்தைத் தின்கிற தப்பு இதுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் நிற்பதில்லை.

‘ரீடூ’வுக்கு முக்கியமாக இரண்டு பொருள். செய்த வேலை சரியில்லை, முதலிலிருந்து செய் என்பது ஒன்று. அறை, வீடு, தரை என்று வந்தால் பழைய தோற்றத்தையே மாற்றிப் புதிதாக்கு என்பது இன்னொன்று. இரண்டிலுமே பழையதைக் காப்பாற்று என்கிற பேச்சு இல்லை.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தரையில் நாலு கல் உடைந்திருக்கிறது என்று வையுங்கள். அதை மாற்றி, மிச்சத்தைத் துடைத்து மெருகேற்றினால் போதும் என்பது வீட்டுக்காரர் எண்ணம். எழுதுவதோ ‘ப்ளீஸ் ரீடூ தி ஹால் ஃப்ளோர்’. இன்ஜினியர் படிப்பது: பெயர்த்துவிட்டுப் புதுத் தரை போடு. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, எழுத்தில் இருப்பது அதுதான். பங்காளிகள் சேர்ந்து செலவழிக்கிற வீடு என்றால் அப்புறம் நடக்கிற பஞ்சாயத்தைச் சொல்லவே வேண்டாம்.

இந்த மாதிரி வீடுகளில் தரைக்குப் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்க மெருகேறுவது. கடப்பாரை பட்டால் அடியிலிருக்கும் சாந்தோடு சேர்ந்து விரிசல் விடும். புதுக் கல் இன்றும் ஆத்தங்குடியில் வாங்கலாம். பழைய தரையின் வண்ணத்துக்கும் பளபளப்புக்கும் அது அச்சாக ஒத்துப்போகாது.

சுவருக்கும் இதே கதி. ‘ரீடூ தி ப்ளாஸ்டர்’ என்றால் செங்கல் தெரியக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர், உள்ளே ஏறும் ஈரத்தை மேற்பூச்சு வழியாகத்தான் வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். பிறகு உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய பூச்சை மறுபடி கொண்டுவர, அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சரி, என்ன எழுதுவது? எந்த இடம், எத்தனை, எதைத் தொடக்கூடாது என்ற மூன்றும் இருக்கட்டும். ‘ரீப்ளேஸ் ஒன்லி தி ஃபோர் ப்ரோக்கன் டைல்ஸ் நியர் தி வெஸ்ட் டோர். க்ளீன் அண்ட் பாலிஷ் தி ரெஸ்ட். டு நாட் லிஃப்ட் எனி அதர் டைல்.’ சுவரில் ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தால் ‘பேட்ச் இட் வித் லைம் ப்ளாஸ்டர், நோ சிமென்ட்’. பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டுமானால் ‘ரெஸ்டோர்’. கல்லை எடுத்து அதே கல்லைத் திரும்பப் பதிப்பதற்கு ‘ரீ-லே’. நடுவில் கோடு கட்டாயம். கோடு விட்டுப்போனால் தகவலை அடுத்தவருக்குக் கடத்துகிற ‘ரிலே’ ஆகிவிடும்.

‘ரிப்பீட்’ வேறு

‘ரீடூ’வில் பெரும்பாலும் ‘முதலில் செய்தது சரியில்லை’ என்கிற தொனி ஒட்டிக்கொண்டே வரும். ‘ரிப்பீட்’டில் அது கிடையாது. கல்யாணத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிக்கு நாதஸ்வரம் பிடித்துப்போய், இன்னொரு தரம் கேட்க ஆசைப்படுகிறார். அவருக்காக வித்வானிடம் ‘ப்ளீஸ் ரீடூ தட் பீஸ்’ என்று கேட்டால், ‘நீங்கள் வாசித்தது தேறவில்லை’ என்றாகிவிடும். ‘குட் யூ ப்ளே தட் அகெய்ன்?’ போதும். போட்டோகிராபரிடம் கண் மூடிய படத்தைக் காட்டி ‘ரீடூ’ கேட்கலாம், அங்கே நியாயம் இருக்கிறது.

‘ரீடூ அகெய்ன்’

‘ரீ’யிலேயே ‘மறுபடி’ இருக்கிறது, அதனால் முதல் தடவை திருத்தும்போது ‘அகெய்ன்’ வேண்டாம்.

‘ஐ வில் ரீடூ’

எதை? அதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘ஐ வில் ரீடூ இட்’.

கம்ப்யூட்டரில் இருக்கும் ‘ரீடூ’

இது செய்ததைத் திருத்துவதில்லை. ‘அன்டூ’ கொடுத்து நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். விண்டோஸில் கன்ட்ரோல் இசட் அன்டூ, கன்ட்ரோல் ஒய் ரீடூ. மதிப்பீட்டுக் கடிதத்தில் பத்து அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் நடுவில் ஒரு எழுத்து தட்டினாலும் முன்னால் வருகிற வழி அடைபட்டுவிடும். பின்னால் போகுமுன் வேறு பெயரில் ஒரு காப்பி சேமித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அன்டூ எதுவுமே செய்யாத நேரத்தில் வேர்டில் கன்ட்ரோல் ஒய் தட்டினால், கடைசியாகச் செய்ததையே திரும்பச் செய்யும். ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு வேறு வரியைத் தேர்ந்தெடுத்துத் தட்டிப் பாருங்கள், அதுவும் தடித்துவிடும்.